கரீம் பாட்சாவின் மூன்று வீடுகள்

மிஸ் மக்ரே பேசாமல் இருப்பதில் கெட்டிக்காரர். பம்பாயில் செம்பூர் ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து வார்டு வார்டாக நடந்தார். கட்டில் விரிப்பின் மூலைமடிப்பைக் குனிந்து பார்த்தார். மாணவிகள் ஊசியைக் கொதிக்க வைப்பதைக் கைகட்டி நின்று பார்த்தார். எதைப் பார்த்தாலும் ஒரே முகம். அங்கே ஆசிரியையான பாகீரதியும் வாயைத் திறக்க யோசிக்கிறவள்தான். ஒருவரோடு அரைமணி நேரம் பேசாமல் உட்கார முடிந்தால் அவரை அவளுக்குப் பிடித்துப்போகும். ஆனால் இந்த மௌனம் வேறு மாதிரி. இது எடை போடுகிற மௌனம்.

அவர் கப்பலேறி வந்ததே எடை போடத்தான். செம்பூர் நர்ஸிங் பள்ளிக்கும் ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்துப் பள்ளி ஒன்றுக்கும் அறுபத்து மூன்றில் ஓர் ஒப்பந்தம் ஆகியிருந்தது. அங்கிருந்து ஆசிரியைகள் வந்து இங்கே பாடம் நடத்துவார்கள்; இங்கிருந்து ஆசிரியைகள் அங்கே போய்ப் படித்து வருவார்கள். கூடவே புத்தகங்கள், பயிற்சிக்கு ஒரு ரப்பர் நோயாளி, குழந்தைகளுக்கென்று பால் பவுடர் டின்கள். மூன்று வருஷக் கெடு முடிந்துவிட்டது. ஒப்பந்தத்தால் யாருக்கு என்ன பலன், எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம் என்று மிஸ் மக்ரே பார்த்துச் சொல்ல வேண்டும்.

முதல் வருஷம் போனவள் பாகீரதி. டண்டீயின் சணல் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் இருட்டு மாடிப்படி ஏறி இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகும் நர்ஸ்களைப் பார்த்தாள். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரும்வரை காத்திருக்காமல் நாமே போகலாம் என்பது அவளை என்னவோ செய்துவிட்டது. திரும்பி வந்ததும் வியாழக்கிழமைதோறும் மாணவிகளைத் தாராவிக்குக் கூட்டிப்போனாள். அந்த ஒப்பந்தத்தில் அவளுடையது என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

"வார்டு பிரமாதமா இருக்கு பாகீரதி, அது அவங்களுக்குப் போதும்" என்று பிரின்சிபால் மிஸஸ் பின்டோ புதன்கிழமை மாலை சொல்லியிருந்தார். "நாளைக்குத் தாராவி சரியில்லைன்னு அவங்க நினைச்சாங்கன்னா நான் சண்டை போடப் போறதில்ல. அதை வெட்டிட்டு மத்ததைக் காப்பாத்திக்குவோம். உனக்கு வருத்தம் இல்லையே?"

பாகீரதி "இல்லை மேடம்" என்றாள். வேறென்ன சொல்வாள்.

மறுநாள் காலையில் மாட்டுங்கா வீட்டில் இட்லித் தட்டை அப்படியே தள்ளி வைத்தாள். அவளுடைய மன்னி அதைப் பார்த்துவிட்டாள். "ஏண்டி, பரீட்சை எழுதப் போற பொண்ணாட்டம் இருக்கே? வெள்ளைக்காரி உன்னைக் கடிச்சா தின்னப் போறா?"

"தாராவி வேண்டாம்னுடுவாளோன்னு இருக்கு மன்னி."

"வேண்டாம்னா நீ தினம் நேரத்தோட ஆத்துக்கு வருவே. உங்கண்ணாவுக்குச் சந்தோஷம்" என்றாள் மன்னி. பிறகு பாகீரதியின் முகத்தைப் பார்த்து, அந்தத் தட்டையே திரும்ப முன்னால் நகர்த்தினாள். "ரெண்டு வாய் போட்டுண்டு போ. வெறும் வயித்தோட போய் நின்னா எதுவும் நன்னா நடக்காது."

சயான் வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து நடந்தார்கள். மிஸ் மக்ரே, பாகீரதி, பின்னால் பையும் தராசுமாக இரண்டு மாணவிகள். மழைக்காலம் முடிந்தும் சந்துகள் காயவில்லை. பதனிடும் தோலின் வாடை வந்த இடத்தில் மிஸ் மக்ரே ஒரு நொடி நின்றார். மூக்கைப் பொத்தவில்லை, மறுபடி நடந்தார். பாகீரதி அதைக் குறித்துக்கொண்டாள்.

சந்தின் முனையில் பேராச்சி நின்றிருந்தாள். முறுக்குச் சுட்டு விற்பவள். அந்தச் சந்தில் அவளைக் கேட்காமல் குழாயில் தண்ணீர்கூட வராது என்பார்கள். இன்று அடுப்பு பற்றவைக்கவில்லை போலிருந்தது. கொண்டையில் கனகாம்பரம், விசேஷச் சேலை.

"வாங்க டீச்சரம்மா, வாங்க மேம்சாப். வரிசையா மூணு வீடு ரெடியா இருக்கு. நீங்க மெள்ள வாங்க, ஒண்ணும் ஜல்தி இல்ல."

பேராச்சி மெள்ள வரச் சொன்னதை பாகீரதி இதுவரை கேட்டதில்லை. தாமதமாக வந்தால் வைவதுதான் அவள் வழக்கம். போன வியாழன் தான் இந்தப் பெண்களிடம் பேசியது பாகீரதிக்கு நினைவு வந்தது. "அடுத்த வாரம் ஒரு மேடம் வராங்க. நாங்க இனிமே இங்க வரலாமா வேண்டாமான்னு அவங்கதான் சொல்லணும். உங்க பிள்ளைங்களைத்தான் பார்ப்பாங்க." அவ்வளவுதான் சொன்னாள். உள்ளதைச் சொல்லிவிடுவது நல்லது என்று நினைத்துச் சொன்னது.

முதல் வீடு மதீனா பீவியுடையது. அவள் புருஷனுக்குத் தோல் பட்டறையில் வேலை. அவளுடைய பத்து மாதப் பிள்ளை கரீம் பாட்சா பேருக்கேற்ற ஆள்: தொடையில் மூன்று மடிப்பு, கையில் இரண்டு, கழுத்து இருக்கும் இடம் தெரியாது. கன்னத்தில் ஒரு பெரிய மைப்பொட்டு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தாயத்து. மிஸ் மக்ரே தரையில் செய்தித்தாள் விரித்துப் பையை வைத்து, கையைப் பாடப்புத்தகத்தில் உள்ளபடி முழங்கைவரை கழுவி, பிள்ளையை வாங்கினார். அவர் கண்ணாடியின் சங்கிலி கழுத்திலிருந்து தொங்கியது. கரீம் பாட்சா அதைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். மிஸ் மக்ரேயின் முகத்தில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது.

தராசின் முள் நல்ல இடத்தில் நின்றது. மதீனா பீவி டீ கொடுத்தாள். பாகீரதி ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தாள். கொழகொழவென்று ஒரு தித்திப்பு. இது எருமைப்பால் இல்லை. டண்டீயிலிருந்து குழந்தைகளுக்கென்று வந்த டின்.

"நல்ல டீ" என்றார் மிஸ் மக்ரே, ஆங்கிலத்தில். கிளாஸைக் காலி செய்தார். அதற்குள் பிள்ளையைத் தூங்கப்பண்ணவென்று ஒருத்தி வாங்கிப் போயிருந்தாள்.

இரண்டாவது வீட்டில் பூமாரி. அவள் மகன் நயினாரைப் பாகீரதிக்கு நன்றாகத் தெரியும். விலா எண்ணலாம், கண் மட்டும் பெரிதாக இருக்கும். ஒரு மாதமாகத்தான் கொஞ்சம் தேறி வருகிறான். பூமாரியின் மடியிலோ கன்னம் பிதுங்க ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தான். நெற்றி நிறையத் திருநீறு. கழுத்தில் தாயத்து இருந்த இடத்தில் கயிறு அழுத்திய தடம். கன்னத்து மையை அழுந்தத் துடைத்ததில் அந்த இடம் சிவந்திருந்தது.

பாகீரதிக்கு யார் பிள்ளை என்று புரிந்துவிட்டது. பூமாரியைப் பார்த்தாள். பூமாரி அவளைப் பார்க்கவில்லை. கூரையில் ஏதோ மிக முக்கியமானது இருப்பதுபோல் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பையன் பெயர் என்ன?" என்று மிஸ் மக்ரே கேட்டார். பாகீரதி தமிழில் கேட்டாள்.

"நயினாரு" என்றாள் பூமாரி, கூரையிடம்.

"நயினார்" என்றாள் பாகீரதி. சொல்லியும்விட்டாள். மொழிபெயர்க்கத்தானே வந்திருக்கிறாள், பூமாரி சொன்னதைத்தானே சொன்னாள் என்று மனசு உடனே ஒரு சமாதானம் கொண்டுவந்தது. பின்னால் நின்ற மாணவிகள் இருவரும் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டார்கள். தராசின் முள் போன வீட்டில் நின்ற அதே கோட்டில் போய் நின்றது. மறுபடி டீ. அதே தித்திப்பு.

வெளியே வந்ததும் பேராச்சி வழியை மறித்து, முறுக்குத் தட்டை நீட்டி, மேம்சாப் ஒன்றாவது எடுத்தே ஆக வேண்டும் என்று நின்றாள். அவள் தோளுக்கு மேலாக, குழாயடிப் பக்கத்துச் சந்தில் ஒரு கொழுத்த கால் ஆடிக்கொண்டே ஓடி மறைவதைப் பாகீரதி பார்த்தாள். மிஸ் மக்ரே முறுக்கைக் கடித்தார். அது முறியும் சத்தம் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

மூன்றாவது வீடு செண்பகவல்லியுடையது. அவளுக்கு இருப்பது பெண் குழந்தை, கோமதி. உள்ளே நுழையும்போதே பாகீரதிக்கு அடுத்து என்ன என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் பார்த்தபோது சிரிப்பை அடக்க வேண்டியிருந்தது. கரீம் பாட்சாவுக்குச் சிவப்புப் பூப்போட்ட கவுன். நெற்றியில் சாந்துப்பொட்டு. கையில் ஏறாத வளையலைப் பாதிவரை ஏற்றியிருந்தார்கள். மூன்றாம் வீடாகிவிட்டதால் அவனும் களைத்து, உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தான்.

மிஸ் மக்ரே கைகழுவி வந்தார். "போன இரண்டு வீட்டிலும் துணியோடு நிறுத்துவிட்டேன், தப்பு. சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள், பாகீரதி."

பாகீரதி சொல்லவில்லை.

செண்பகவல்லிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் மேம்சாபின் விரல் கவுனைக் காட்டியது போதும். "வேண்டாம்மா, பிள்ளைக்குச் சளி" என்றாள் அவசரமாக. "டீச்சரம்மா, சளின்னு சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா கேப்பாவ."

சளி என்று சொன்னால் முடிந்தது. மூன்று கொழுத்த பிள்ளைகள், மூன்று சுத்தமான வீடுகள். தாராவி நிலைக்கும், வியாழக்கிழமை நிலைக்கும். வெள்ளைக்காரர்கள் எல்லோரும் முதல் மாதம் டண்டீயில் தனக்கு ஒரே முகமாகத் தெரிந்ததுபோல இவருக்கும் நம் பிள்ளைகள் எல்லாம் ஒன்றுதானே. ஒரே ஒரு சொல். பாகீரதி அந்தச் சொல்லை நாக்கில் வைத்துக்கொண்டு நின்றாள். எங்கோ தகரம் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அப்போதுதான் வேறொரு கேள்வி அவளுக்குள் எழுந்தது. வந்ததிலிருந்தே எழுந்திருக்க வேண்டிய கேள்வி. கோமதி எங்கே? போன வாரம் அவளுக்கு வயிற்றுப்போக்கு இருந்ததே. நயினார் எங்கே? தான் பார்க்க வந்தது அவர்களையா, இல்லை, மிஸ் மக்ரேயின் முகத்தையா?

"மிஸ் மக்ரே, இது இந்த வீட்டுக் குழந்தை இல்லை. பெண் குழந்தையும் இல்லை" என்றாள். "மூன்று வீட்டிலும் நீங்கள் பார்த்தது ஒரே பிள்ளையை. இவர்கள்மேல் தப்பில்லை. நீங்கள் சொல்வதை வைத்துத்தான் எங்கள் வகுப்பு தொடரும் என்று நான்தான் சொல்லிவைத்தேன்."

மிஸ் மக்ரே குனிந்து பிள்ளையை எடுத்தார். கரீம் பாட்சா பிதுக்கிய உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு, பழகிய ஆளைப் பார்த்ததுபோல நேராகக் கண்ணாடிச் சங்கிலிக்குக் கையை நீட்டினான்.

"இவன் என்னை மறக்கவில்லை, பார்த்தீர்களா" என்றார் மிஸ் மக்ரே. "நான் எப்படி இவனை மறப்பேன்?"

அப்புறம் அவர், பிள்ளையின் கையிலிருந்து சங்கிலியை விடுவித்துக்கொண்டே, மெதுவாகச் சொன்னார். "நான் சின்ன வயதில் டண்டீயில் வீடு வீடாகப் போன நர்ஸ். ஒரே கட்டிடத்தில் மூன்று வீட்டுக் கட்டிலிலும் ஒரே வெள்ளை விரிப்பு. ஓரத்தில் நீல நூலால் தைத்த ஒட்டு இருக்கும். நான் ஒரு மாடி ஏறுவதற்குள் அது எனக்கு முன்னால் ஏறிவிடும். நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஒரு வீட்டில் அந்த விரிப்புக்கு அடியில் என்ன இருந்தது என்று பார்க்காமல் வந்துவிட்டேன்." செண்பகவல்லி பக்கம் திரும்பினார். "இந்த வீட்டுக் குழந்தை எங்கே?"

பாகீரதி அதைத் தமிழில் கேட்டாள். செண்பகவல்லி பதில் சொல்வதற்குள் வாசலை அடைத்துக்கொண்டு பேராச்சி வந்து நின்றாள்.

"சொல்லிப்புட்டியளா? அவ்வளவு பாடுபட்டு இந்தத் தடியனைத் தூக்கிக்கிட்டு ஓடுனமே, எல்லாம் போச்சா? என் இடுப்பு கழண்டு கெடக்கு!"

"ஏன் பேராச்சி இப்படிப் பண்ணுனீங்க?"

"ஏன்னா கேக்கிய? எங்க பிள்ளை மெலிஞ்சிருந்தா எங்களுக்கு என்ன வெக்கம்? ஊருக்கே தெரியும். உங்களுக்குத்தான வெக்கம்! வாரா வாரம் வாராவ, பிள்ளைய தேத்தலைன்னு அந்தம்மா சொல்லிட்டா? பெறவு வெள்ளைச் சேலை கட்டுன ஒரு மனுசி இந்தச் சந்துக்கு வருவாவளா?"

பின்னால் மதீனா பீவியும் வந்துவிட்டாள். "எம்புள்ளைக்கு நெத்தியில பொட்டு வச்சிருக்கியளே, அவங்க வாப்பா பாத்தா என்ன சொல்லுவாக?" என்று கரீமை வாங்கி, கவுனைப் பார்த்துவிட்டு, கோபிக்க நினைத்து முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முதலில் சிரித்தது அவள்தான். மாணவிகள் தொடர்ந்தார்கள். கடைசியில் செண்பகவல்லியும், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மறைத்த பிள்ளைகள் பேராச்சியின் கோலியில் இருந்தார்கள்; பம்பாயில் சின்ன வீட்டை அப்படித்தான் சொல்வார்கள். ஓர் அறை, நடுவில் தொங்கும் சேலைத் திரை. திரைக்குப் பின்னால் பாயில் நான்கு குழந்தைகள். நயினார், கோமதி, வேறு இரண்டு. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி காவலுக்கு உட்கார்ந்து, உப்பும் வெல்லமும் போட்ட கஞ்சித் தண்ணீரை கோமதிக்குக் கரண்டி கரண்டியாகப் புகட்டிக்கொண்டிருந்தாள். பாகீரதி எத்தனையோ வியாழக்கிழமை சொல்லிக்கொடுத்தது. கேட்டார்களா என்று அவளுக்குத் தெரியாமலே இருந்தது. ஆனால் அந்தக் கரண்டி கழுவாத கரண்டி. பானை திறந்து கிடந்தது. இரண்டையும் மிஸ் மக்ரே பார்த்தார் என்பதைப் பாகீரதி பார்த்தாள். அலமாரியில் டண்டீ டின்கள், பூஜைப் பாத்திரம்போலத் துலக்கி வரிசையாக.

"இதைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லையா?" என்று மிஸ் மக்ரே கேட்டார்.

பேராச்சி முகம் சுளித்தாள். "அதைக் குடிச்சா பிள்ளைக வயித்தால போகுது. அதான் விருந்தாளுக்குன்னு எடுத்து வச்சிருக்கோம். வார ஆளுக்குக் கறுப்பு டீயா குடுக்க முடியும்?"

பாகீரதி ஒரு சொல்கூடக் குறைக்காமல் மொழிபெயர்த்தாள். மிஸ் மக்ரே டின்களைப் பார்த்தார், தான் குடித்த இரண்டு கிளாஸை நினைத்திருக்க வேண்டும். பிறகு கைச்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தரையில் சம்மணம் போட முயன்று, முழங்கால் ஒத்துழைக்காமல், கவிழ்த்த முறுக்கு டின்மேல் உட்கார்ந்தார். வெயில் சரியும்வரை எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையாகத் துணி களைந்து நிறுத்தார்கள். நயினார் தேறியிருந்தான். மற்ற இருவர் பரவாயில்லை. கோமதி எடை இறங்கியிருந்தாள். கண் உள்ளே போயிருந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று இருவரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள், ஆளுக்கொரு மொழியில். செண்பகவல்லி மறுபேச்சு பேசாமல் செருப்பைத் தேடினாள்.

செம்பூர் பஸ்ஸில் செண்பகவல்லியும் குழந்தையும் மாணவிகளோடு முன்னால் உட்கார்ந்தார்கள். மிஸ் மக்ரேயும் பாகீரதியும் பின்னால். நெடுநேரம் பேச்சில்லை. ஆனால் அந்த மௌனத்தின் பாரம் எங்கோ இறங்கிப் போயிருந்தது. சயானில் ஏறும்போதே பாகீரதிக்கு அது தெரிந்தது.

"ஒன்று கேட்கட்டுமா?" என்றார் மிஸ் மக்ரே. "வந்ததிலிருந்து உங்களை நான் மதிப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். எங்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று யாராவது உங்களைக் கேட்டார்களா?"

"இல்லை."

"இப்போது கேட்கிறேன்."

பாகீரதி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஒரு நிறுத்தம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. மிஸ் மக்ரே அவசரப்படவில்லை. பிறகு பாகீரதி சொல்ல ஆரம்பித்தாள். டண்டீப் புத்தகத்தில் பையை மேஜைமேல் வைக்கச் சொல்லியிருக்கிறது, இங்கே மேஜை கிடையாது. பால் பவுடரை எந்தத் தண்ணீரில் கரைப்பார்கள் என்று அனுப்பியவர்கள் கேட்கவில்லை. அவளும் அதைச் சொல்லக் கூச்சப்பட்டாள். அங்கிருந்து வந்த ஆசிரியைகள் வார்டைத் தாண்டி வரவில்லை. டண்டீயில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவளிடம் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. அங்கே நல்லதும் இருந்தது. இல்லாவிட்டால் இந்த வியாழக்கிழமையே இல்லை. எல்லாவற்றையும் சொன்னாள். செம்பூர் நிறுத்தத்தில் இறங்கும்போது, தன் வாழ்நாளில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

சனிக்கிழமை மிஸஸ் பின்டோவின் அறையில் மிஸ் மக்ரே சொன்னது சுருக்கமாக இருந்தது. வார்டு நன்றாக இருக்கிறது, ஆனால் அதைப் பம்பாய்க்காரர்கள் டண்டீ இல்லாமலே செய்வார்கள். ஒப்பந்தத்தில் உயிரோடு இருப்பது தாராவி. அது தொடர வேண்டும். பால் பவுடர் இனி வராது. அடுத்த வருஷம் டண்டீயிலிருந்து வருகிறவர் ஆசிரியையாக வரமாட்டார். பாகீரதியிடம் கற்றுக்கொள்ள ஒரு மாணவி வருவாள்.

"அவங்ககிட்ட என்னதான் சொன்னே?" என்று மிஸஸ் பின்டோ பிறகு கேட்டார்.

"கேட்டாங்க மேடம். சொன்னேன்."

அடுத்த வியாழக்கிழமை கோமதி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தாள். இளைத்துத்தான் இருந்தாள், ஆனால் கண்ணின் குழி மறைந்திருந்தது. பாகீரதி எடையைச் சொன்னதும் செண்பகவல்லி அதை யாரிடமும் மறைக்கவில்லை. பால் பவுடர் இனி வராது என்ற செய்தியைப் பேராச்சி இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்.

"நல்லாத்தான் மதிப்புப் போட்டாவ உங்க மேம்சாப்! அடுத்த வருசம் ஒரு குமரி வாரான்னு சொல்லுதியளே, அவளுக்கு டீ எதுல போட?"

"கறுப்பு டீயே போடுங்க. எனக்கும் இனிமே அதுதான்."

பேராச்சி முணுமுணுத்துக்கொண்டே போய்க் கறுப்பு டீ கொண்டுவந்தாள். பாகீரதி கவிழ்த்த முறுக்கு டின்மேல் உட்கார்ந்து குடித்தாள். இஞ்சி தூக்கலாக இருந்தது. எதிர்வீட்டு வாசலில் கரீம் பாட்சா, தாயத்தும் மைப்பொட்டுமாக, அவன் வீட்டில் அவனாக உட்கார்ந்திருந்தான். பாகீரதி அவனைப் பார்த்தாள், அவன் பாகீரதியைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் பேச வேண்டியிருக்கவில்லை.